ஸர் ஜான் எவான்ஸ்: கல்லின் மெய்யும் பொய்யும் கண்ட பெரியார்

பொன்னின் மாற்றை அறிவதற்கு உரைகல் உண்டு. முத்தின் தரத்தையும் மணியின் குற்றத்தையும் அறிவதற்கு அவ்வத் துறையில் வல்ல வணிகர் வழிவழியாகக் கைக்கொண்டு வரும் முறைகள் உண்டு. ஆனால் உழுத நிலத்திலோ ஆற்றுச் சரளையிலோ கண்டெடுக்கப்பட்ட ஒரு சிறு கல், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னர் ஒரு மனிதன் தன் கையாற் சமைத்த கருவியோ, இயற்கையில் உடைந்த சில்லோ, அன்றி நேற்று ஒருவன் காசு விரும்பிச் செய்த போலியோ என்பதைத் துணிவதற்கு உரைகல் யாது? இவ்வினாவைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதி ஆராய்ந்து, உலகம் நம்ப மறுத்த மெய்க்கல்லை மெய்யென்றும், நண்பரும் அறிஞரும் நம்பிய பொய்க்கல்லைப் பொய்யென்றும் அஞ்சாது உரைத்தவர் ஸர் ஜான் எவான்ஸ் என்னும் ஆங்கிலப் பெரியார். அவர்தம் வரலாறு பழம்பொருள் திரட்டுவார்க்கு மட்டுமன்றி, எத்துறையிலும் உண்மை காண விழையும் மாணவர் யாவர்க்கும் பயன்படுவதாகலின் அதனைச் சுருக்கி ஈண்டு எழுதுவோம்.

பிறப்பும் இளமையும்

எவான்ஸ் 1823-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் பக்கிங்ஹாம் நாட்டுப் பகுதியிலுள்ள பர்ன்ஹாம் என்னும் ஊரையடுத்த பிரிட்வெல் மாளிகையிற் பிறந்தார். தந்தையார் ஆர்தர் பெனோனி எவான்ஸ் ஒரு குருவானவர். மார்க்கட் பாஸ்வொர்த் என்னும் ஊரின் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் பல ஆண்டுகள் விளங்கியவர். மைந்தர் தந்தையாரின் பள்ளியிலேயே பயின்றனர். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் புகுவார் என்று எல்லாரும் எண்ணியிருக்க, அவ்வாறு நிகழவில்லை. சில மாதங்கள் ஜெர்மனியில் தங்கியிருந்து, 1840-ஆம் ஆண்டில், பதினேழு வயதும் நிரம்பாத நிலையில், தம் மாமனாகிய ஜான் டிக்கின்ஸனுடைய காகித ஆலையில் வேலைக்கு அமர்ந்தார். ஹெமல் ஹெம்ஸ்டெட் என்னும் ஊரையடுத்த நாஷ் மில்ஸ் என்னும் இடத்தில் இருந்தது அவ்வாலை. கல்லூரியின் வாயிலை மிதியாத இவ்விளைஞர் பிற்காலத்தில் இராயல் சங்கத்தின் பொக்கிஷதாரராக இருபது ஆண்டுகள் வீற்றிருப்பார் என்று அன்று எவர் நினைத்திருப்பர்!

ஆலையில் கணக்கும் இயந்திரமும் வாணிகமும் கற்று, 1850-இல் கூட்டாளியாக உயர்ந்தார். அவ்வாண்டிலேயே டிக்கின்ஸனின் மகளாகிய ஹாரியட் அம்மையாரை மணந்தார். இவ்விருவர்க்கும் பிறந்த மூத்த புதல்வரே, பின்னாளில் கிரீட் தீவிலே நாசஸ் அரண்மனையை அகழ்ந்து புகழ்பெற்ற ஆர்தர் எவான்ஸ் ஆவர். ஐந்து மக்களை விட்டு ஹாரியட் அம்மையார் 1858-ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்தமை இவருக்கு நேர்ந்த பெருந்துயர்.

காசு ஆராய்ச்சி

தொழிலில் ஒழிந்த வேளைகளில் இவர் பழங்காசுகளைத் திரட்டி ஆராய்ந்துவந்தார். உரோமர் வருமுன் பிரிட்டனில் வழங்கிய பொற்காசுகளில் ஒழுங்கற்ற புள்ளிகளும் கோடுகளும் காணப்படும். அவை யாவை என்பது பலர்க்கும் விளங்காதிருந்தது. எவான்ஸ் நூற்றுக்கணக்கான காசுகளை வரிசையாக அடுக்கி நோக்கி, அவை மாஸிடோனியா மன்னர் பிலிப்பின் பொற்காசைப் பார்த்துச் செய்த படிகளும், அப்படிகளின் படிகளுமாய், தலைமுறைதோறும் சிதைந்து வந்தவை என்று காட்டினார். ஒரு பக்கத்திலுள்ள புள்ளிகள் அப்பாலோ தேவனின் தலையும் முடியும். மற்றொரு பக்கத்தின் கோடுகள் தேரும் குதிரையும். இவ்வாராய்ச்சி 1864-இல் பெருநூலாக வெளிவந்தது.

இத்துறை இவர்க்கு இரண்டு நன்மைகளை நல்கியது. ஒரு பொருளைத் தனியே வைத்து நோக்காது அதன் இனத்தோடு சேர்த்து நோக்கும் பழக்கம் ஒன்று. காசுச் சந்தையிற் போலிகள் மலிந்திருத்தலின், கண்ணுக்கு அழகியதாகத் தோன்றும் பொருளை முதலில் ஐயுறும் பழக்கம் மற்றொன்று. ஆலைக்கு வேண்டிய நீரைப் பற்றிய கவலை இவரை நிலநூலிற் புகுத்தியது. மண்ணடுக்குகளின் இயல்பை அறிந்த இவர், மதுவணிகரும் நிலநூல் வல்லுநருமாகிய ஜோஸப் பிரஸ்ட்விச் என்பவரோடு நெருங்கிய நட்புக் கொண்டார்.

ஸோம் நதிக்கரையில்

பிரான்ஸ் தேசத்தின் வடபகுதியில் ஸோம் என்னும் ஆறு ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள அபெவில் நகரத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர் பூஷே தெ பெர்த் என்பவர். இவர் ஆற்றோரத்துச் சரளைக் குழிகளில், இறந்தொழிந்த யானை, காண்டாமிருகம் முதலிய விலங்குகளின் எலும்புகளோடு மனிதனாற் செதுக்கப்பட்ட சக்கிமுக்கிக் கற்கருவிகள் கிடைக்கின்றன என்று கூறி, 1847-ஆம் ஆண்டு அச்சிட்ட நூலில் அவற்றின் படங்களையும் வெளியிட்டார். மனிதகுலத்தின் வயது ஆறாயிரம் ஆண்டு என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. அறிஞருலகம் அவரை எள்ளி நகையாடியது. அதற்கு அவரும் ஒருவாறு இடந்தந்தார். மெய்யான கருவிகளோடு, இயற்கையாகவே விலங்கு வடிவும் மனித முகமும் போலத் தோன்றும் வெறுங்கற்களையும் சேர்த்து, அவையும் பண்டையோர் செதுக்கிய உருவங்களே என்று அவர் சாதித்தார். ஒரு கூடையில் நெல்லும் பதரும் கலந்திருப்பின் வாங்குவோர் கூடையையே தள்ளிவிடுதல் உலக இயல்பன்றோ?

1858-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இந்தியாவிற் பல்லாண்டு பணிபுரிந்து சிவாலிக் மலையின் எலும்புப் படிவங்களை ஆராய்ந்தவராகிய ஹியூ பால்கோனர் அபெவில் சென்று அக்கற்களைக் கண்டார். கண்டு வியந்து, பிரஸ்ட்விச்சை அங்குச் செல்லுமாறு தூண்டினார். 1859 ஏப்ரலில் பிரஸ்ட்விச் சென்றார். அவர் அழைப்பிற்கிணங்கி எவான்ஸும் சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

ஏப்ரல் 27-ஆம் நாள் அபெவிலில் அவர்கள் பூஷேயின் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமியான் நகரத்தையடுத்த ஸாந் அஷேல் குழியில் ஒரு கருவி இருந்த இடத்திலேயே அசையாதிருக்கின்றது என்னும் தந்தி வந்தது. இருவரும் விரைந்து சென்றனர். படமெடுப்பவர் ஒருவரையும் உடன்கொண்டு சென்றனர். குழியின் சுவரிலே, கலையாத சரளையடுக்கின் நடுவில், கைக்கோடரியொன்று பதிந்திருந்தது. மேலே மண்ணடுக்குகள் இடையீடின்றி அமைந்திருந்தன. பின்னர் எவரேனும் தோண்டிப் புதைத்ததற்கு அடையாளம் சிறிதுமில்லை. எடுக்குமுன் படமெடுத்துப் பின்னரே கல்லை எடுத்தனர். ஒரு கருவி மண்ணுள் இருந்தவாறே புகைப்படச் சான்றாக அமைந்த முதல் நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

மே 26-ஆம் நாள் பிரஸ்ட்விச் இராயல் சங்கத்திலும், ஜூன் 2-ஆம் நாள் எவான்ஸ் தொல்பொருட் சங்கத்திலும் தாம் கண்டவற்றை எடுத்துரைத்தனர். பிரஸ்ட்விச் மண்ணடுக்கின் தொன்மைக்குச் சான்று பகர்ந்தார். கல் மனிதன் கைப்பட்டதே என்பதற்கு எவான்ஸ் சான்று பகர்ந்தார். இதற்கிடையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தொல்பொருட் சங்கத்தின் கண்ணாடிப் பேழையொன்றில் அதே வடிவமுள்ள கற்கள் இருப்பதை எவான்ஸ் கண்டார். அவை ஸபக் நாட்டுப் பகுதியிலுள்ள ஹாக்ஸன் என்னும் ஊரில் ஜான் பிரேர் என்பவராற் கண்டெடுக்கப்பெற்று, 1797-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்துடன் அச்சங்கத்திற்கு அளிக்கப்பட்டவை. பிரேர் இன்ன ஆழத்தில், இன்ன அடுக்கில் எடுத்தேன் என்று எழுதிவைத்திருந்தார். அறுபது ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தாது கிடந்த அக்கற்கள் அக்குறிப்பினால் மறுபடியும் பேசத் தொடங்கின.

செய்து பார்த்தறிதல்

இதன்பின் எவான்ஸ் மேற்கொண்ட முறையே அவரைப் பிற திரட்டாளரினின்று வேறுபடுத்துவது. கற்கருவியை அறிய வேண்டுமாயின் அதனைச் செய்யவும் அறிய வேண்டும் என்று அவர் துணிந்தார். ஆலைமுதலாளியாகிய அவர் கூழாங்கல்லைக் கையிற்கொண்டு சக்கிமுக்கிக் கட்டியைத் தட்டிப் பழகினார். கல்லாற் கல்லை அடித்துச் சில்லெடுத்தார். மான்கொம்பின் நுனியால் விளிம்பை அழுத்திச் சிறு செதில்களைப் பெயர்த்து அம்புமுனை செய்தார். 1868-இல் நாரிச் நகரத்தில் கூடிய அனைத்துநாட்டு முன்வரலாற்று மாநாட்டில் கற்கருவி செய்யும் முறையைப் பற்றிக் கட்டுரை படித்தார்.

சக்கிமுக்கிக் கல் சுண்ணப்பாறையுள் கட்டி கட்டியாக விளைவது. கண்ணாடி போல உடைவது. வலிய அடி ஒன்று விழுமாயின், பெயர்ந்த சில்லின் உட்பக்கத்தில் அடிபட்ட இடத்தின்கீழ் சிப்பியின் முதுகைப் போன்ற ஒரு புடைப்பும், அதனைச் சுற்றி நீரலை போன்ற வளையங்களும் தோன்றும். ஆயினும் இயற்கை மோதலாலும் இவை சில வேளைகளில் தோன்றக்கூடும். உறைபனியால் வெடித்த சில்லிலோ இப்புடைப்பு இராது. கிண்ணம் போன்ற குழியே இருக்கும். ஆகவே ஒரு சில்லைக் கொண்டு துணியாது, பல செதுக்குகள் ஒரு வடிவத்தை நாடி ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். ஒருவன் தன் கையால் நூறு கற்களை உடைத்த பின்னரே இவ்வேறுபாடு கண்ணுக்குப் பழகும்.

போலித்தொழில்

கற்கருவிகட்கு மதிப்பு வந்ததும் அவற்றிற்கு விலையும் வந்தது; விலை வரவே போலியும் வந்தது. இங்கிலாந்தில் எட்வர்ட் ஸிம்ப்ஸன் என்னும் நாடோடி ஒருவன் இருந்தான். விட்பி என்னும் கடற்கரையூரின் பக்கத்தில் வளர்ந்தவன். நிலநூல் ஆராய்ந்த ஒரு பெரியாரிடம் ஊழியம் செய்து பழம்பொருள்களின் வகையை அறிந்தவன். 1843-ஆம் ஆண்டில் வணிகன் ஒருவன் முள்ளமைந்த அம்புமுனையொன்றைக் காட்டி, இவ்வாறு செய்ய இயலுமோ என்று வினவினான். அன்று தொடங்கிற்று அவன் தொழில். வாயிற்கதவின் பழைய இரும்புக் கீலொன்றால் தற்செயலாகத் தட்டியபோது செதில் செவ்வையாகப் பெயர்வதைக் கண்டு, இரும்பையே கருவியாகக் கொண்டான். அவன் செய்த அம்புமுனைகளை அறிஞர்களும் வாங்கி வைத்தனர். உலகம் அவனை ‘பிளிண்ட் ஜாக்’ என்றழைத்தது. குட்டு வெளிப்பட்ட பின், 1862 ஜனவரியில் இலண்டன் நகரத்து நிலநூல் அன்பர் கூட்டமொன்றில், அறிஞர் பலர் சூழ்ந்து பார்க்க, அம்புமுனைகளைச் செய்து காட்டினான். முடிவில் குடியால் நலிந்து, 1867-இல் திருட்டுக் குற்றத்திற்காகச் சிறை புகுந்தான். கைத்திறன் இருந்தும் மெய்ம்மை இன்மையால் அழிந்த வாழ்வு அது.

இத்தகையோர் செய்த கற்களினின்று மெய்க்கல்லைப் பிரித்தறியும் அடையாளங்களை எவான்ஸ் தொகுத்துணர்ந்தார். பின்வந்தோர் அவற்றை மேலும் விளக்கினர். அவற்றுட் சில இவை.

முதலாவது, கல்லின் மேற்படலம். புதிதாக உடைந்த சக்கிமுக்கிக் கல் பெரும்பாலும் கருநிறமும் மங்கிய தோற்றமும் உடையது. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த கல்லோ தன்னைச் சூழ்ந்த மண்ணுக்கேற்ப மாறும். சுண்ண நிலத்திற் கிடந்தது வெண்ணீலமாகவோ பீங்கான் போல வெண்மையாகவோ மாறும். இரும்புச் சத்துள்ள சரளையிற் கிடந்தது மஞ்சளும் பழுப்புமாகச் சாயமேறும். மணல் உராய்வால் மெருகு பெறும். ஆதலின் படலத்தின் கனத்தைக் கொண்டு வயதைக் கணித்தல் தவறு. ஒரே காலத்துக் கற்கள் இரண்டு, வெவ்வேறு நிலத்திற் கிடந்தமையால் வெவ்வேறு நிறமாயிருத்தல் கூடும். நோக்க வேண்டுவது யாதெனின், படலம் செதுக்கிய குழிகளின் உள்ளும் புறமும் இடையறாது பரந்திருக்கின்றதா என்பதே. பழைய படலத்தை வெட்டிக்கொண்டு புதிய செதுக்கு உள்ளே கருநிறம் காட்டுமாயின், அச்செதுக்கு பிற்காலத்தது. பழஞ்சில்லொன்றை எடுத்து அம்புமுனையாகத் திருத்தி விற்போர் இதனாற் பிடிபடுவர்.

இரண்டாவது, மண்ணின் எழுத்து. கல்லின்மேல் செடிகொடி போலப் படரும் மாங்கனீஸின் கருங்கோடுகளும், இறுகப் பற்றிய சுண்ணப் படிவும் ஒரு நாளில் விளைவன அல்ல. போலி செய்வோர் களிமண் தேய்த்தும் சாயமூட்டியும் பழமை காட்டுவர். வெந்நீரிலிட்டு மயிர்க்குச்சியால் தேய்த்தால் களிமண் நீங்கிக் கருங்கல் வெளிப்படும்.

மூன்றாவது, விளிம்பு. ஆற்றில் உருண்டு வந்த கல்லின் முனைகளும் வரம்புகளும் சிறிது மழுங்கியிருத்தல் வேண்டும். அதே சரளையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கல்லின் விளிம்பு கையை அறுக்குமாயின் ஐயுறுக.

நான்காவது, அடித்த கருவியின் தடம். இரும்புச் சுத்தியால் அடித்த இடத்தில் சிறு வட்ட விரிசலும் நொறுங்கலும், சில வேளைகளில் உலோகத்தின் கீற்றும் நிற்கும். அக்கீற்றுப் பின்னர் துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும். மான்கொம்பால் எடுத்த செதிலின் குழி ஆழமின்றிப் பரந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இதற்குத் துணை. இக்காலத்து நுண்ணோக்கிகள், தோலும் மரமும் அறுத்ததனால் விளிம்பிலேறிய தேய்வையும் காட்ட வல்லன.

ஐந்தாவதும் தலையாயதும், கிடைத்த இடம். எவ்விடத்து, எவ்வாழத்தில், எவற்றோடு, எவர் எடுத்தார் என்று தெரியாத கல், எத்துணை அழகியதாயினும், சாட்சியில்லாத பத்திரம் போன்றதே.

முலான் கினியோன் சோதனை

இவ்வறிவெல்லாம் 1863-ஆம் ஆண்டு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அபெவிலில் கருவிகள் கிடைத்தனவேயன்றி அவற்றைச் செய்த மனிதனின் எலும்பு கிடைக்கவில்லை. அது கிடைக்க வேண்டுமென்று பேராவல் கொண்ட பூஷே, மனித எலும்பைக் கண்டெடுப்பவர்க்கு இருநூறு பிராங்கு பரிசளிப்பதாகக் கூறினார். குழியில் வேலை செய்தோர் ஏழைகள். மார்ச் 28-ஆம் நாள் அபெவிலையடுத்த முலான் கினியோன் குழியில், கரிய மண்ணடுக்கில், மனிதத் தாடையின் பாதியொன்று கிடைத்தது. உடன் கைக்கோடரிகளும் பல கிடைத்தன. பூஷேயின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

ஏப்ரலில் எவான்ஸும் பிரஸ்ட்விச்சும் அங்குச் சென்றனர். எவான்ஸ் அக்கற்களைக் கையிலெடுத்தார். நிறத்தின் மேல் மண் பூசியிருந்தது, கழுவியபோது நீங்கிற்று. விளிம்புகள் புதுமை மாறாதிருந்தன. சரளையின் பிற கற்களிற் காணும் சாயம் இவற்றிற் காணப்படவில்லை. இவை போலி என்று அவர் உள்ளம் துணிந்தது. பால்கோனரோ தாடையை முதலில் நம்பி, இலண்டனுக்குத் திரும்பியபின் அதனோடு வந்த பல்லை ஆராய்ந்து, ஐயங்கொண்டு, பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். பிரெஞ்சு அறிஞர் சினந்தனர். இரு தேசத்தாரும் மே மாதத்தில் பாரிஸிலும் அபெவிலிலும் ஒருங்குகூடி ஆராய்ந்தனர். அவர்கள் கண்ணெதிரே குழியிலிருந்து மேலும் சில கருவிகள் வெளிப்பட்டன. அதனைக் கண்ட ஆங்கிலேயர், காலத்தைப் பற்றிச் சிலர் ஐயம் ஒழியாராயினும், வஞ்சனை நிகழவில்லை என்று இசைந்தனர். பிரஸ்ட்விச்சும் அவருள் ஒருவர்.

அக்கூட்டத்திற் கலந்துகொள்ளாத எவான்ஸ் மட்டும் இசையவில்லை. அவருடைய இடர் எத்தகையது என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். நான்காண்டுகட்கு முன் பூஷேயின் சொல்லை மெய்யென உலகிற்கு நிலைநாட்டியவர் அவரே. இப்போது மறுத்தால் முதியவராகிய நண்பரின் மனம் புண்படும். உயிர்த்தோழராகிய பிரஸ்ட்விச்சோடு மாறுபட வேண்டும். பழைய மெய்க்கற்களையும் பொய்யென்று பகைவர் தள்ளிவிட இடமாகும். ஆயினும் கல் சொல்வதைக் கல்லுக்காகவே கேட்க வேண்டும் என்று அவர் நின்றார். வாய்ச்சொல்லால் வாதிடாது, அகழ்வதிற் பயின்றவராகிய ஹென்றி கீப்பிங் என்பவரை ஜூன் மாதத்தில் அபெவிலுக்கு அனுப்பினார். கீப்பிங் குழியிலேயே தங்கித் தம் கையாலே தோண்டினார். வேலையாட்கள் கற்களைச் செய்து மண்ணில் செருகி வைக்கின்றனர் என்பது அவர் கண்டறிந்த முடிவு. அது பத்திரிகையில் வெளிவந்தது. தாடை தொன்மையானதன்று என்பதே பின்னர் நிலைபெற்ற முடிபு. பூஷே மட்டும் 1868-இல் இறக்கும் வரையில் தம் நம்பிக்கையை விடவில்லை. நல்லவரே, ஆனால் வேண்டும் என்னும் ஆவல் அவர் கண்ணை மறைத்தது. பரிசு கொடுத்து உண்மையை வாங்க முயன்றார், பொய்யே விற்கப்பட்டது.

நம் நாட்டில் அதே மாதம்

பாரிஸில் இவ்வழக்கு நடந்த அதே மே மாதம், 30-ஆம் நாள், சென்னையையடுத்த பல்லாவரத்தில், இந்திய நிலநூல் அளவைத் துறையைச் சார்ந்த ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் சரளையிலிருந்து ஒரு கைக்கோடரியை எடுத்தார். ஐரோப்பாவில் பிரஸ்ட்விச்சும் எவான்ஸும் செய்த ஆராய்ச்சிச் செய்தியே அவர் கண்ணை இத்துறையில் திருப்பியது. நம் நாட்டுக் கல் சக்கிமுக்கியன்று. குவார்ட்ஸைட் என்னும் வன்கல். அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் அவர் கருவிகளைக் கண்டார். பூட் ஒவ்வொரு கல்லுக்கும் கிடைத்த இடத்தைக் குறித்துவைத்தார். அவருடைய திரட்டு 1904-இல் சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்தது. அத்திரம்பாக்கத்தின் பழைய கருவிகள் ஏறக்குறையப் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது.

பிற்காலமும் மறைவும்

எவான்ஸ் 1872-இல் பிரிட்டனின் பழங்கற்கருவிகளைப் பற்றியும் 1881-இல் வெண்கலக் கருவிகளைப் பற்றியும் பெருநூல்கள் இயற்றினார். இவற்றுள் முன்னது 1897-இல் மறுபதிப்புப் பெற்றது. போலித் தொல்பொருள்களைப் பற்றி இராயல் இன்ஸ்டிடியூஷனிற் சொற்பொழிவும் ஆற்றினார். பறவையும் பல்லியும் கலந்ததெனத் தோன்றும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் படிவத்தை எல்லாரும் இறகுக்காகவே பார்த்திருக்க, அக்கற்பலகையின் ஓரத்தில் பல்லோடு கூடிய தாடையொன்று இருப்பதைக் கண்டு சொன்னவரும் இவரே. இவ்வளவும் ஆலைத் தொழிலை நடத்திக்கொண்டே செய்தார் என்பது நினைக்கத்தக்கது.

1864-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1878 முதல் 1898 வரையில் அதன் பொக்கிஷதாரராயிருந்தார். நிலநூற் சங்கம், தொல்பொருட் சங்கம், காசுச் சங்கம் ஆகியவற்றிற்குத் தலைவரானார். 1892-இல் ஸர் பட்டம் பெற்றார். 1897-இல் கானடாவின் டொரான்டோ நகரத்திற் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞானக் கழகத்திற்குத் தலைமை தாங்கினார். 1908-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் தம் எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அவருடைய திரட்டின் பெரும்பகுதி மைந்தர் ஆர்தரால் ஆக்ஸ்போர்டிலுள்ள ஆஷ்மோலியன் பொருட்காட்சிச் சாலைக்கு அளிக்கப்பட்டது. இளமையில் தாம் புகாத பல்கலைக்கழகத்திற்குத் தம் செல்வத்தையே விட்டுச் சென்றாராயினர்.

காலம் அளித்த தீர்ப்பு

அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின் இரண்டு செய்திகள் வெளிவந்தன. அவை அவர் வரலாற்றிற்கு முடிவுரை போல்வன.

1859-இல் ஸாந் அஷேலில் எடுத்த கைக்கோடரி எங்குளதென்று தெரியாதிருந்தது. இலண்டன் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் பிரஸ்ட்விச்சின் திரட்டினுள் அது கண்டுபிடிக்கப்பட்டதாக 2009-இல் அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கற்களிடையே அதனைக் காட்டிக்கொடுத்தது யாது? அமியான் என்னும் ஊர்ப்பெயரும் நாளும் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்த ஒரு சிறு சீட்டே. இடமும் காலமும் எழுதிவைக்கும் சிறுபழக்கத்தின் பெரும்பயன் இது.

மற்றொன்று முலான் கினியோனைப் பற்றியது. வஞ்சனையால் பெயர்கெட்ட அவ்விடத்தை ஆராய்ச்சியாளர் ஒன்றரை நூற்றாண்டு ஒதுக்கியே வைத்திருந்தனர். பிரெஞ்சு அறிஞர் அண்மையில் அதனை மறுபடி அகழ்ந்தனர். கலையாத அடுக்கிலிருந்து இருநூற்றுக்கு மேற்பட்ட சக்கிமுக்கிக் கற்களும், அவற்றுள் ஐந்து கைக்கோடரிகளும் கிடைத்தன. அவ்வடுக்கு ஏறக்குறைய ஆறரை லட்சம் ஆண்டுப் பழமையுடையது என்று 2019-இல் வெளியிட்டனர். ஆகவே பொய்க்கல் செருகப்பட்ட அதே குழியில் மெய்க்கல்லும் இருந்ததாயிற்று!

இதனால் எவான்ஸ் பிழைத்தாரோ எனின், இல்லை. அவர் தம் கையிலெடுத்த கற்களைப் பொய்யென்றார், அவை பொய்யே. அவ்விடத்தையே ஒருங்கே தள்ளியது பின்வந்தோர் செய்த பிழை. பூஷே ஒரு கல் மெய்யாயிருத்தல் கண்டு எல்லாக் கல்லையும் நம்பினார். பின்வந்தோர் சில கல் பொய்யாயிருத்தல் கண்டு எல்லாக் கல்லையும் ஐயுற்றனர். இரண்டும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இவ்விரண்டிற்கும் நடுவே நின்று, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே கழுவி, ஒளியிற் பிடித்து, அதன் இடத்தை உசாவி, அதன்பின் துணிவதே எவான்ஸின் வழி.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் உங்கள் ஊர்ப்புறத்து மேட்டிலோ ஓடையிலோ செதுக்கிய கல்லொன்று கண்ணிற் படுமாயின், அதனை விலைப்பொருளாக எண்ணாதீர்கள். தோண்டிக் கலைக்காது, இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அறிந்தவரிடமும் பொருட்காட்சிச் சாலையாரிடமும் தெரிவியுங்கள். கல்லுக்கு மட்டுமன்று, காதில் விழும் செய்திக்கும், ஏட்டிற் காணும் முடிபுக்கும், நம் நண்பர் சொல்லும் புகழ்ச்சிக்கும் இதே உரைகல்லைக் கைக்கொள்ளுவோமாக. வேண்டியவர் சொன்னதென்று நம்பாமலும், வேண்டாதவர் சொன்னதென்று தள்ளாமலும் நோக்கும் கண்ணே கல்வியின் பயன் என்பதை நாஷ் மில்ஸ் காகித ஆலைக்காரரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.